சந்தாதாரர் இரட்டிப்பானால் கோர் நெட்வொர்க்கை எப்படிப் பெரிதாக்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: ஒரு மொபைல் நிறுவனத்துக்கு ஒன்றிரண்டு வருடத்தில் சந்தாதாரர்கள் இரண்டு மடங்காகிவிட்டால் அதன் கோர் நெட்வொர்க்கை எப்படி விரிவாக்குவார்கள்? டவரும் சர்வரும் கூடுதலாக வாங்கி வைத்தால் தீர்ந்துவிடாதா?

வாங்குவதுதான் இதில் லேசான வேலை. பணம் இருந்தால் பெட்டி வந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் வேலையைப் பற்றித்தான் இந்தப் பதில். பல வருடங்களாகக் கோர் பக்கமே வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், கோர் என்றால் என்ன? டவர் உங்கள் போனிடம் ரேடியோவில் பேசும், அவ்வளவுதான். இந்த சிம் நம்முடையதா, இப்போது எந்த ஊரில் இருக்கிறது, கணக்கில் காசு இருக்கிறதா, இந்த அழைப்பை எங்கே அனுப்புவது, இந்த டேட்டாவை எந்த வழியில் இணையத்துக்குக் கொண்டுபோவது என்ற எல்லா முடிவும் கோரில்தான். சந்தாதாரர் விவரம் இருக்கும் டேட்டாபேஸை 2ஜி காலத்தில் எச்எல்ஆர் என்றோம், 4ஜியில் எச்எஸ்எஸ். போன் நெட்வொர்க்கில் சேர்வது, இடம் மாறுவது போன்றவற்றைக் கவனிப்பது 4ஜியில் எம்எம்இ. டேட்டா வெளியே போகும் வாசல் பிஜிடபிள்யூ. காசுக் கணக்கு பார்ப்பது ஓசிஎஸ். 5ஜியில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டார்கள், வேலை ஏறக்குறைய அதேதான்.

இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. 2009-10 வாக்கில் நாடு முழுவதும் மாதம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் புது இணைப்புகள் சேர்ந்தன. 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, 170 நாளில் 10 கோடிப் பேரைத் தொட்டதாக அறிவித்தது. வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5.9 லட்சம், நொடிக்குச் சராசரியாக ஏழு பேர்.

கேட்க பயங்கரமாக இருக்கும். ஆனால் நொடிக்கு ஏழு புது சிம்மைப் பதிவது என்பது ஒரு நல்ல டேட்டாபேஸுக்குத் தூசு. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் சும்மா இருக்கும்போதே செய்கிற வேலைதான் கோரை அழுத்துகிறது. போன் பாக்கெட்டில் கிடந்தாலும் நெட்வொர்க்கோடு பேசிக்கொண்டே இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவ்வப்போது பதிவு செய்யும், ஆப்புகள் எழுப்பும்போதெல்லாம் இணைப்புக் கேட்கும், ரயிலில் போனால் ஏரியா மாற மாற தகவல் சொல்லும். இதற்கெல்லாம் பொதுப்பெயர் சிக்னலிங். பில்லில் வராது, விளம்பரத்திலும் வராது. கோர் விழுந்த கதைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் இதுதான் கிடக்கும்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. என்டிடி டோகோமோ ஸ்மார்ட்போன் பெருகுகிறதே என்று டோக்கியோவில் டேட்டா இணைப்புகளைக் கையாளும் புது பாக்கெட் ஸ்விட்சுகளை வைத்தது. 2012 ஜனவரி 25 விடியற்காலையில் மாற்றி முடித்தார்கள். காலை எட்டரை மணிவாக்கில் ஊர் விழித்ததும் நெட்வொர்க் திணறியது. 25 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். பழைய ஸ்விட்ச் ஒரே நேரத்தில் 8.8 லட்சம் இணைப்புகளைத் தாங்கும், புதியது 18 லட்சம். ஆனால் மணிக்கு எத்தனை சிக்னல்களைக் கையாளும் என்று பார்த்தால் பழையது 2.75 கோடி, புதியது 1.41 கோடி! அன்று காலை வந்தது 1.65 கோடி. ஆள் கணக்கில் இரு மடங்கு பெரிதான பெட்டி, சிக்னல் கணக்கில் பாதிதான் இருந்திருக்கிறது. சும்மா கிடக்கும் ஸ்மார்ட்போனும் சாட் ஆப்பும் எத்தனை தடவை கதவைத் தட்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

அதனால் "எத்தனை சந்தாதாரர்களுக்கு வடிவமைப்பது?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு. ஒன்று, எச்எல்ஆர் எண்ணிக்கையா, விஎல்ஆர் எண்ணிக்கையா? விற்ற சிம்மெல்லாம் முதலாவதில் இருக்கும். அந்த நேரத்தில் உண்மையாகவே நெட்வொர்க்கில் உயிரோடு இருப்பவை இரண்டாவதில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் விஎல்ஆர் உச்சத்தையும் சேர்த்து வெளியிடுவது இதனால்தான். நம் ஊரில் ஒருவரிடமே இரண்டு சிம், மேசை டிராயரில் மூன்றாவது. டிராயரில் கிடக்கும் சிம்முக்கு டேட்டாபேஸில் ஒரு வரி போதும், எம்எம்இயில் இடம் வேண்டாம். இரண்டாவது கேள்வி, ஒரு ஆள் பரபரப்பான மணி நேரத்தில் எத்தனை தடவை தட்டுகிறார்? நேற்று எத்தனை, ஆறு மாதம் முன்பு எத்தனை? இந்த இரண்டாவது எண் ஆள் எண்ணிக்கையைவிட வேகமாக ஏறும். ஒரு பிரபலமான ஆப்பில் புது அப்டேட் வந்தாலே ஒரே வாரத்தில் ஏறிவிடும்.

சரி, இந்தச் சராசரிக்கும் மேலே இன்னொரு பூதம் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவது.

2022 ஜூலை 2 அதிகாலை, ஜப்பானின் கேடிடிஐ நிறுவனம் ஒரு கோர் ரூட்டரை மாற்றியது. வழித்தட அமைப்பில் பிழை. கால் மணி நேரத்தில் பழையபடிக்குத் திருப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே வோல்ட்டி (4ஜி டேட்டா வழியாகவே பேசும் முறை) போன்கள் 50 நிமிடத்துக்கு ஒருமுறை தம்மைப் பதிவு செய்துகொள்ளும். இணைப்பு அறுந்த நேரத்தில் பதிய முடியாமல் போனவை மீண்டும் மீண்டும் முயன்றன. அந்த நெரிசலில் வோல்ட்டி ஸ்விட்சும் சந்தாதாரர் டேட்டாபேஸும் மூச்சுத் திணறின, இரண்டிலும் இருந்த தகவல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போயின. கால் மணி நேரப் பிழை 61 மணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிக்கல்.

ஆகவே கோரை விரிவாக்கும்போது தினசரி உச்சத்தைத் தாங்கினால் போதும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒரு ஊர் முழுக்க மின்சாரம் போய் வந்தால், ஒரு ஃபைபர் அறுந்து ஒட்டினால், பாதி மாநிலம் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே விடும் அளவுக்குப் பெரிதாகக் கட்ட எந்த நிதித்துறையும் பணம் தராது, கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையில் நிறுத்தும் வசதி வேண்டும். எம்எம்இயே "இப்போது முடியாது, இவ்வளவு நேரம் கழித்து வா" என்று போனுக்குச் சொல்ல முடியும், டவரிடமும் வரத்தைக் குறைக்கச் சொல்ல முடியும். இந்த அமைப்புகள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல், அணைந்த நிலையிலேயே கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்தது இரட்டை இடக் கணக்கு. இரண்டு ஊர்களில் இரண்டு தொகுதி வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது ஏந்திக்கொள்ளும் என்பார்கள். இரண்டுமே 60 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 120 ஏறும். அப்புறம் இரண்டும் விழும். சந்தாதாரர் கூடக் கூட இந்த 50 சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்பதை யாரும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். அலாரம் 80-க்குத்தான் வைத்திருப்பார்கள், அது பச்சையாகவே இருக்கும்.

இனி செய்முறை. டேட்டா பக்கம் பெட்டி சேர்ப்பது ஓரளவு நிம்மதியான வேலை. எம்எம்இக்களைத் தொகுப்பாக வைத்திருப்பார்கள், ஒவ்வொரு டவரும் தொகுப்பில் உள்ள எல்லா எம்எம்இக்களோடும் இணைப்பு வைத்திருக்கும். புது எம்எம்இ வந்ததும் அதற்கு ஓர் எடை எண் கொடுப்போம். புதிதாக உள்ளே வருபவர்களை அந்த எடைக்கு ஏற்ற விகிதத்தில் டவர்கள் பங்கிட்டு அனுப்பும். முதலில் சின்ன எடை, இரண்டு நாள் கவனித்துவிட்டு ஏற்றுவது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பழைய இடத்திலேயே இருப்பார்கள் என்பதால் யாருக்கும் தெரியாமல் மாறிவிடும். பிஜிடபிள்யூவும் அப்படியே, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரி கூடும், புது இணைப்புகள் மட்டும் அங்கே போகும். பல்லாயிரம் டவர்களில் இணைப்பு ஏறியிருக்கிறதா, ஃபயர்வாலில் எல்லா வழியும் திறந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் இதில் முதுகை ஒடிக்கும்.

இங்கே மாட்டிக்கொள்ளும் சில்லறை விஷயங்கள் இரண்டு. முதலாவது லைசென்ஸ். பெட்டியில் இடம் இருக்கும், சிபியு சும்மா இருக்கும், ஆனால் இத்தனை லட்சம் பேர் வரைதான் என்று மென்பொருளில் ஒரு பூட்டு இருக்கும். இரவு பத்து மணிக்கு அந்த எண்ணைத் தொட்டால் அதற்கு மேல் வருபவரைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிடும். கொள்முதல் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடும் வேலை அப்போதுதான் தொடங்கும். இந்த விதத்தில் 2004-ல் ஏர்டெல் எரிக்சனோடும் நோக்கியாவோடும் செய்துகொண்ட ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். பெட்டிக்குப் பணம் என்பதை விட்டு, பயன்பாட்டுக்கு வந்த கொள்ளளவுக்கு எர்லாங் (அழைப்புச் சுமையை அளக்கும் அலகு) கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். முன்கூட்டியே யோசிக்கும் பொறுப்பு விற்பவர் தலைக்கும் போனது.

இரண்டாவது, டேட்டா பயன்படுத்தும் ஒவ்வொரு போனுக்கும் வேண்டிய ஐபி முகவரி. 10-இல் தொடங்கும், உள் பயன்பாட்டுக்கான முகவரிகள் மொத்தம் சுமார் 1.68 கோடி. இணையச் சேவை நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கிய 100.64 தொகுதியில் சுமார் 42 லட்சம். பல கோடிப் பேர் எப்போதும் டேட்டாவை அணைக்காமல் இருந்தால் இதெல்லாம் எந்த மூலைக்கு? ஒரே முகவரிகளை வேறு வேறு பகுதிகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஒப்பேற்றலாம். ஆனால் எந்த நேரத்தில் யார் எந்த முகவரியில் இருந்தார் என்று பதிவு வைக்க வேண்டிய சட்டக் கடமை இருப்பதால் அந்தப் பதிவுகளே மலையாகக் குவியும். முகவரிப் பஞ்சமே இல்லாத புது முறையான ஐபிவி6-க்கு நேரே போவதுதான் மரியாதை. வளர்ச்சி வருவதற்கு முன்பே போய்விட்டால் இன்னும் நல்லது.

ஓசிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் "தினமும் 1.5 ஜிபி" வகை பேக்குகள்தான் அதிகம். நள்ளிரவு 12 மணிக்குக் கோட்டா புதுப்பிக்கப்படும். கோட்டா தீர்ந்து காத்திருப்பவர்கள், இரவில் வீடியோ ஓடிக்கொண்டிருப்பவர்கள் என எல்லோருடைய இணைப்பும் ஒரே நொடியில் ஓசிஎஸ்ஸிடம் வந்து நிற்கும். வெளிநாட்டு விற்பனையாளரின் வடிவமைப்புத் தாளில் இந்த உச்சம் இருக்காது, அவர்களுடைய பரபரப்பு நேரம் மாலை ஏழு மணி. நம் வரைபடத்தில் 12 மணிக்கு ஊசி மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கும். புதுப்பிக்கும் நேரத்தை ஆளுக்கு ஆள் சில நிமிடம் சிதறவிட்டால் ஊசி மேடாகிவிடும். ஒரு பைசா செலவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது டேட்டாபேஸை இடம் மாற்றுவது. பழைய எச்எல்ஆர்கள் எண் வரிசைப்படி பிரிந்திருந்தன. சென்னையில் 9840, 9841 என்று ஆரம்ப எண்ணைச் சொன்னாலே எந்த நிறுவனம் என்று ஆட்டோக்காரருக்கும் தெரிந்த காலம் அது. 2011 ஜனவரியில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க வந்ததும் அந்த வரிசை குலைந்தது, எண்ணைப் பார்த்து எந்த டேட்டாபேஸ் என்று சொல்ல முடியாது. இப்போது தகவலை ஒரே பொதுக் கிடங்கில் வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லும் முன்பகுதியைத் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஆள் கூடினால் கிடங்கு, தட்டல் கூடினால் முன்பகுதி என்று தனித்தனியாக வளர்க்கலாம். ஆனால் கிடங்கு ஒன்றாகும்போது அதன் விபத்தும் ஒன்றாகிவிடும். பிரிட்டனின் ஓ2 நிறுவனத்தில் 2012 ஜூலையில் லட்சக்கணக்கானோருக்கு ஒரு நாளுக்கு மேல் சேவை முடங்கியது இந்த வகை டேட்டாபேஸ் கோளாறில்தான்.

மாற்றும்போது ஒவ்வொரு சிம்மின் ரகசியச் சாவியும் புது வீட்டுக்கு வர வேண்டும். அது சிம்மிலும் நிறுவனத்தின் டேட்டாபேஸிலும் மட்டுமே இருக்கும் 128 பிட் எண். பூட்டிய நிலையில்தான் பயணம் செய்யும். பூட்டும் சாவி ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் வேறொன்று என்று ஆகிவிட்டால் அந்தத் தொகுதி சிம் அத்தனையும் செத்தவை.

நானே மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். 3ஜி, 4ஜி சிம்முக்குள் ஒரு வரிசை எண் உண்டு. ஒவ்வொரு முறை அடையாளம் சரிபார்க்கும்போதும் அது ஏறும், டேட்டாபேஸிலும் கூடவே ஏறும். நெட்வொர்க் பழைய எண்ணைச் சொன்னால் சிம் ஒப்புக்கொள்ளாது, "இது பழசு, என் எண் இது" என்று திருப்பிச் சொல்லும். டேட்டாபேஸ் திருத்திக்கொண்டு மறுபடி முயலும். நாங்கள் எடுத்த நகல் மூன்று நாள் பழையது. முதல் இரவு ஐம்பதாயிரம் பேரை மாற்றினோம், எல்லாம் சுபம், இட்லி வாங்கி வந்து சாப்பிட்டோம். மறுநாள் இரவு ஆறு லட்சம். ஒரு தடவையில் முடிய வேண்டிய சரிபார்ப்பு எல்லோருக்கும் இரண்டு தடவையானது, காத்திருந்து சலித்த போன்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின. மூன்று மணிக்குச் சுமைக்கோடு செங்குத்தாகப் போனதும் எங்கள் தலைமைப் பொறியாளர் ஒரே வார்த்தை சொன்னார்: "திருப்பு." விவாதமே இல்லை. விடிவதற்குள் பழையபடி ஆக்கினோம். அடுத்த வாரம் நகல் எடுத்த வரிசை எண்களையெல்லாம் சற்று முன்னே தள்ளி ஏற்றினோம். சிம்முக்குத் தன்னிடம் இருப்பதைவிடப் பெரிய எண் வந்தால் சந்தோஷம்தான், ரொம்பவும் தாண்டாத வரை. ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. இரண்டு இரவு தூக்கம் போனது அதற்காக.

அன்றிலிருந்து மாற்றும் வேலைக்கான தாளில் முதலில் திரும்பும் வழியை எழுதச் சொல்வேன். எத்தனை மணிக்குள் எந்த எண் எந்த அளவில் இல்லாவிட்டால் திரும்புவது, அதை யார் சொல்வது என்பதெல்லாம் பகல் வெளிச்சத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எல்லோருக்குமே "இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமே" என்றுதான் தோன்றும்.

உங்கள் கோர் மட்டும் பெரிதானால் போதாது என்பதும் உண்டு. ஜியோ வந்தபோது அதன் சொந்த நெட்வொர்க் ஓடினாலும் மற்ற நிறுவனங்களுக்குப் போன அழைப்புகள் ஏராளமாகத் தோற்றன. நிறுவனங்களுக்கு இடையே உள்ள இணைப்பு முனைகள் போதவில்லை. அன்றைய முறையில் ஓர் இ1 இணைப்பு ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைத்தான் சுமக்கும், ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் இங்கே தோற்கக் கூடாது என்பது விதி. யார் மேல் தப்பு என்று பெரிய சண்டை நடந்து, 2016 அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. அந்த நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்தவர் பக்கத்துக் கொள்ளளவை நீங்கள் வாங்க முடியாது, மாதக்கணக்கில் முன்பே கேட்டு வைக்கத்தான் முடியும்.

வளர்ச்சி சொல்லிவிட்டு வருவதும் இல்லை. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் முடங்கியபோது அதன் வாடிக்கையாளர்கள் ஒரே வாரத்தில் மற்ற நிறுவனங்களின் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். எந்த விற்பனைத் திட்டத்திலும் இல்லாத கூட்டம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் எம்எம்இயை முந்திக்கொண்டு விழிபிதுங்குவது சிம்மை உயிர்ப்பிக்கும் வரிசைதான், ஏனென்றால் ஒவ்வொரு புது இணைப்புக்கும் டேட்டாபேஸ், ஓசிஎஸ், எண் மாற்ற அமைப்பு, வாடிக்கையாளர் விவரம் என்று பல இடங்களில் எழுதியாக வேண்டும். ஒன்று மெதுவானால் எல்லாம் மெதுவாகும்.

எல்லாவற்றையும் மேகத்துக்கு (கிளவுட்) கொண்டுபோய்விட்டால் தானாகவே பெருகிக்கொள்ளாதா என்று அடுத்து கேட்பீர்கள். பெருகும். ரகுடென் நிறுவனம் 2020-ல் ஜப்பானில் முழு மென்பொருள் நெட்வொர்க்கையே தொடங்கிக் காட்டியது. இப்போது 5ஜி கோர் கட்டுபவர்களுக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் புது நகல் எழுந்து நிற்க நிமிடங்கள் ஆகும், தட்டல் புயல் நொடிகளில் வரும். உள்ளே இருப்பவர்களின் நிலைத் தகவலையும் புது நகல் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அதனால் மேலே சொன்ன வரிசை நிறுத்தும் வேலையும் திரும்பும் வழியும் அங்கேயும் அப்படியே தேவை.

கடைசியாக, கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம். ஏழு கட்ட கோர் மேம்படுத்தல், ஐந்து கட்டம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. 2022 ஜூலை 8, ஆறாவது கட்டம். ரூட்டரில் ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதும் வழித்தடத் தகவல்கள் வெள்ளமாக வந்து கோர் ரூட்டர்களை மூழ்கடித்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனும் இணையமும் போயின, 911 அவசர எண்கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் ரூட்டருக்குள் நுழையும் வழியும் அதே கோர் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கையில் இருந்த போனும் ரோஜர்ஸ்தான்.

மேம்படுத்தல் இரவுகளில் என் பையில் போட்டி நிறுவனத்தின் சிம் ஒன்று இருக்கும். அதை மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதைப் பார்த்து வீட்டில் இன்னும் கிண்டல்தான்.